ஆர்த்துரி இல்மாரி விர்த்தனென்

ஆர்த்துரி இல்மாரி விர்த்தனென் (சனவரி 15, 1895 - நவம்பர் 11, 1973) பின்லாந்து நாட்டைச் சேர்ந்த உயிர்வேதியியலாளர் ஆவார். கால்நடைகளுக்கான பசுந்தீவனத்தை ஊட்டம் குறையாமல் நெடுநாள் பாதுகாத்து வைக்கும் முறையைக் கண்டறிந்தமைக்காகவும், வேளாண்மை, ஊட்டம் ஆகிய துறைகளில் இவர் செய்த வேதியியல் ஆய்வுகளுக்காகவும் 1945 ஆம் ஆண்டின் வேதியியலுக்கான நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. இவருடைய பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு அம்முறை ஏ.ஐ.வி. முறை என்று அழைக்கப்படுகிறது. மாட்டுத்தீவனத்துக்கு நோபல் பரிசா என்று வியப்பவர்கள் உண்டு. ஆறேழு மாதங்கள் பனி மூடிக் கிடக்கும் ஒரு நாட்டில் குளிர்காலத்துப் பாலும் வெண்ணெயும் இந்தத் தீவனத்தை நம்பியே இருந்தன என்பதை நோக்கினால் அந்த வியப்பு குறையும்.

இளமையும் கல்வியும்

விர்த்தனென் எல்சிங்கி நகரில் பிறந்தார். அப்போது பின்லாந்து உருசியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தந்தையார் தொடர்வண்டி ஓட்டுநர். பள்ளிக் கல்வியை வீப்புரி நகரில் முடித்தார். இரண்டாம் உலகப் போரின் விளைவாக அந்நகரம் சோவியத் ஒன்றியத்தின் வசமாகி, வைபோர்க் என்ற பெயரில் உருசியாவில் உள்ளது. விர்த்தனென் படித்த ஊர் அவர் வாழ்நாளிலேயே அயல்நாட்டு ஊராகிவிட்டது எனலாம்.

1913 ஆம் ஆண்டில் எல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வேதியியல், உயிரியல், இயற்பியல் ஆகியவற்றைக் கற்றார். கரிம வேதியியலில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வை முடித்தபோது அவருக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுதான். அந்தக் காலம் பின்லாந்துக்கு எளிதான காலமன்று. 1917 திசம்பரில் நாடு விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. உணவுப் பற்றாக்குறையும் சேர்ந்துகொண்டது. பிற்காலத்தில் விர்த்தனென் எடுத்துக்கொண்ட ஆய்வுகள் ஏறத்தாழ எல்லாமே உணவைச் சுற்றியே அமைந்ததற்கு இந்தச் சூழலும் ஒரு காரணமாக இருந்திருக்கக் கூடும்.

1920 ஆம் ஆண்டில் தாவரவியலாளரான லில்யா மொய்சியோ என்பவரை மணந்தார். இவர்களுக்கு இரண்டு ஆண் மக்கள்.

வலியோ ஆய்வுக்கூடம்

1919 ஆம் ஆண்டில் விர்த்தனென் வலியோ நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியில் சேர்ந்தார். வலியோ என்பது 1905 ஆம் ஆண்டில் வெண்ணெய் ஏற்றுமதிக்காகப் பின்லாந்தின் பால் பண்ணைகள் இணைந்து தொடங்கிய கூட்டுறவு அமைப்பு. நம் ஊர்ப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியங்களின் அமைப்பை அறிந்தவர்களுக்கு இதனைப் புரிந்துகொள்வது எளிது. பல்லாயிரம் சிறு உழவர்களின் பாலைத் திரட்டி, ஒரே தரத்தில் பொருளாக்கி விற்பதே அதன் வேலை. தரம் ஒரே சீராக இருக்க வேண்டுமானால் ஆய்வுக்கூடம் வேண்டும். 1921 ஆம் ஆண்டில் அந்த ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் பொறுப்பு விர்த்தனெனிடம் வந்தது.

தாம் கற்ற கரிம வேதியியல் இந்த வேலைக்குப் போதாது என்று அவர் கருதினார். எனவே வேலையில் இருந்துகொண்டே மீண்டும் மாணவரானார். சூரிக்கில் இயற்பியல்சார் வேதியியலும், சுட்டாக்கோமில் நுண்ணுயிரியலும் கற்றார். பின்னர் 1923 ஆம் ஆண்டில் சுட்டாக்கோமிலேயே ஆன்சு வான் ஆய்லர்-செல்பின் என்பவரிடம் நொதிகளைப் பற்றிக் கற்றார். ஆய்லர்-செல்பின் சர்க்கரை நொதித்தல் ஆய்வுக்காக 1929 ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். வேதியியல், நுண்ணுயிரியல், நொதியியல் ஆகிய மூன்றும் ஒருவரிடமே சேர்ந்தமை பின்னர் தீவனச் சிக்கலை அணுகுவதற்குப் பெரிதும் உதவியது.

1924 ஆம் ஆண்டு முதல் எல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகவும் இருந்தார். அப்பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் ஒரு பாடமாக நடத்தப்பட்டது இவருடைய விரிவுரைகளில் இருந்தே தொடங்குகிறது. இக்காலத்தில் இலாக்டிக் அமில பாக்டீரியாக்களும் புரோப்பியானிக் அமில பாக்டீரியாக்களும் சர்க்கரையை எவ்வாறு நொதிக்கச் செய்கின்றன, அதில் பாசுபேற்றுகளின் பங்கு என்ன என்பன குறித்து ஆய்ந்தார். தயிர் உறைவதும் பாலாடைக்கட்டி பக்குவமாவதும் இப்பாக்டீரியாக்களால்தான்.

நடைமுறைப் பயன் தந்த முதல் வெற்றி வெண்ணெயில் கிடைத்தது. ஏற்றுமதியாகும் வெண்ணெயில் நாளடைவில் ஒருவகை மீன் வாடை ஏற்படுவது பெரும் தொல்லையாக இருந்தது. வெண்ணெயின் அமிலத்தன்மையை ஒரு பாசுபேற்று உப்பைச் சேர்த்துக் குறைத்தால் இந்த மாற்றம் தடைபடுகிறது என்று அவர் காட்டினார். அந்த உப்பும் ஏ.ஐ.வி. உப்பு என்றே பெயர் பெற்றது. வெண்ணெயைக் காக்க அமிலத்தைக் குறைத்தவர், அடுத்த சில ஆண்டுகளில் புல்லைக் காக்க அமிலத்தைக் கூட்டினார்.

தீவனக் குழியில் நிகழ்வது என்ன?

விர்த்தனெனின் பணியைப் புரிந்துகொள்ளப் பசுந்தீவனம் எவ்வாறு பதனப்படுகிறது என்பதைச் சற்று விரிவாகக் காண்பது தேவையாகிறது.

பசும்புல்லை இரண்டு வழிகளில் சேமிக்கலாம். ஒன்று, வெயிலில் உலர்த்தி உலர்புல்லாக்குவது. மற்றொன்று, பச்சையாகவே குழியிலோ கோபுரத்திலோ இட்டு, காற்றுப் புகாதபடி மிதித்து அழுத்தி மூடி வைப்பது. இவ்வாறு கிடைப்பதைத் தமிழ்நாட்டு வேளாண்துறையினரும் கால்நடைத்துறையினரும் ஊறுகாய்ப்புல் என்றும் பதனப் பசுந்தீவனம் என்றும் குறிப்பிடுகின்றனர். ஊறுகாய்ப்புல் என்பது மிகப் பொருத்தமான சொல். காயை ஊறுகாயாக்குவது போலவே இங்கும் புளிப்புதான் பொருளைக் கெடாமல் காக்கிறது. குழியில் இட்டுக் காக்கும் வழக்கம் பழமையானது. இதனைப் பற்றிப் பரவலாக அறியச் செய்தவர் பிரான்சு நாட்டு உழவர் ஆகுசுட்டு கோஃபார். மக்காச்சோளத் தட்டையைப் பதனிடுவது பற்றிய இவருடைய நூல் 1877 இல் வெளிவந்தது.

குழியை மூடியதும் முதலில் நடப்பது மூச்சுவிடுதல். அறுத்த புல்லின் உயிரணுக்கள் உடனே இறந்துவிடுவதில்லை. இடையில் சிக்கிய காற்றிலுள்ள ஆக்சிசனைக் கொண்டு தம் சர்க்கரையை எரிக்கின்றன, குழி சூடாகிறது. நன்றாக அழுத்திய குழியில் இந்த ஆக்சிசன் விரைவில் தீர்ந்துவிடும். அதன்பின் காற்றில்லாமல் வாழக்கூடிய பாக்டீரியாக்களின் காலம் தொடங்குகிறது. இலாக்டோபேசில்லசு, பீடியோகாக்கசு, லியூக்கோனாசுடாக் முதலியவை புல்லின் மேற்பரப்பிலேயே சிறு எண்ணிக்கையில் உள்ளன. இவை சர்க்கரையை இலாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. இவற்றுள் சில ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து இரண்டு இலாக்டிக் அமில மூலக்கூறுகளைத் தருகின்றன. வேறு சில, பாதியை இலாக்டிக் அமிலமாகவும் மீதியை எத்தனாலாகவோ அசிட்டிக் அமிலமாகவோ கரியமில வளிமமாகவோ ஆக்கிவிடுகின்றன. முதல் வகையே சிக்கனமானது.

அமிலம் சேரச் சேர பி.எச். அளவு குறைகிறது. பசும்புல்லில் ஏறத்தாழ 6 ஆக இருக்கும் இவ்வளவு 4 அளவுக்கு வந்துவிட்டால் ஏனைய நுண்ணுயிரிகள் பெரும்பாலும் அடங்கிவிடும். இறுதியில் இலாக்டிக் பாக்டீரியாக்களும் தாம் உண்டாக்கிய புளிப்பிலேயே அடங்கிவிடும். குழியைத் திறக்கும் வரை தீவனம் அப்படியே நிற்கும். பி.எச். ஒரு எண் குறைவது அமிலச் செறிவு பத்து மடங்கு கூடுவதைக் குறிக்கும். எனவே 6 இலிருந்து 4 என்பது நூறு மடங்கு மாற்றமாகும்.

இது நல்லபடி நடக்கும் கதை. நடக்காதபோது வருபவை குளோசுட்ரிடியம் வகைப் பாக்டீரியாக்கள். இவை மண்ணிலிருந்து புல்லோடு குழிக்குள் வருகின்றன. அமிலம் விரைவாகச் சேராவிட்டால் இவை பெருகி, ஏற்கனவே உண்டான இலாக்டிக் அமிலத்தையே உண்டு பியூட்டிரிக் அமிலமாக மாற்றுகின்றன. இரண்டு இலாக்டிக் அமில மூலக்கூறுகளுக்குப் பதில், அவற்றினும் வலுக்குறைந்த ஒரே ஒரு பியூட்டிரிக் அமில மூலக்கூறு கிடைக்கிறது. புளிப்பு குறைகிறது, குறைந்த புளிப்பில் இவை மேலும் பெருகுகின்றன. இவற்றுள் மற்றொரு பிரிவு புரதத்தையே சிதைத்து அம்மோனியாவாக்குகிறது. குழியைத் திறந்தால் வரும் முடைநாற்றம் தெருக்கோடி வரை செல்லும். மாடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

பால் நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவருக்கு இது தீவனத்தோடு முடியும் சிக்கலன்று. குளோசுட்ரிடியத்தின் உறைவித்துகள் மாட்டின் வயிற்றைக் கடந்து சாணத்தில் வெளிவருகின்றன. மடியில் ஒட்டிய சாணத்தின் வழியே பாலில் கலக்கின்றன. பாலைச் சூடாக்கினாலும் இவை அழிவதில்லை. எமெண்டல் போன்ற பெரிய பாலாடைக்கட்டிகளில் பல வாரங்கள் கழித்து இவை முளைத்து, வளிமத்தை உண்டாக்கி, கட்டியை வீங்க வைத்து வெடிக்கச் செய்கின்றன. எங்கோ ஓர் உழவரின் மோசமான குழி, வேறோர் ஊரிலுள்ள ஆலையின் முழு இருப்பையும் கெடுத்துவிடக்கூடும்.

ஏ.ஐ.வி. முறை

எல்லாப் பயிர்களும் ஒரே அளவில் புளிப்பதில்லை. மக்காச்சோளத்திலும் சோளத்திலும் சர்க்கரை மிகுதி. அவை தாமாகவே நன்கு புளித்துவிடும். பின்லாந்தின் குறுகிய கோடைக்கு அக்காலத்து மக்காச்சோளம் ஒத்துவரவில்லை. அங்கு வளர்ந்தவை புல்லும், குளோவர் எனப்படும் அவரைக் குடும்பத்துப் பசுந்தீவனமும். குளோவரில் புரதம் மிகுதி, சர்க்கரை குறைவு. மேலும் அதன் சாற்றுக்கு அமிலத்தை ஈர்த்து மட்டுப்படுத்தும் இயல்பு உண்டு. ஆகவே பாக்டீரியாக்கள் எவ்வளவு உழைத்தாலும் பி.எச். போதிய அளவு இறங்குவதில்லை. உலர்த்தலாம் என்றாலோ மழை விடுவதில்லை. உலரும்போது இலைகள் உதிர்ந்து போவதும் உண்டு. அந்த இலைகளில்தான் புரதம் இருக்கிறது.

இதனால் இழப்பு மிகுந்தது. குழியிலும் களத்திலுமாகப் புரதத்தில் கால் பங்கும் அதற்கு மேலும் வீணாவது வழக்கமாக இருந்தது. அந்தக் குறையை ஈடுகட்டப் புண்ணாக்கை அயல்நாட்டிலிருந்து வாங்க வேண்டும். பணமில்லாத உழவரின் மாடு குளிர்காலத்தில் பால் வற்றி நிற்கும்.

விர்த்தனென் இச்சிக்கலை 1920களின் பிற்பகுதியில் எடுத்துக்கொண்டார். இலாக்டிக் பாக்டீரியாக்கள் அமிலத்தை உண்டாக்கும் வரை காத்திருக்கும் அந்தச் சில நாட்களில்தான் இழப்பு நேர்கிறது என்றால், அமிலத்தைத் தொடக்கத்திலேயே ஊற்றிவிட்டால் என்ன என்பதே அவருடைய அணுகுமுறை. அமிலம் சேர்க்கும் எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது. எவ்வளவு சேர்ப்பது என்பதை யாரும் அளந்து அறியவில்லை. புல்லின் சுவாசம் எப்போது நிற்கிறது, புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் எப்போது செயலிழக்கின்றன, பியூட்டிரிக் அமில நொதித்தல் எப்போது நிற்கிறது என்பவற்றை அவர் தனித்தனியே ஆய்வுக்கூடத்தில் அளந்தார். பி.எச். 4க்குச் சற்றுக் கீழே இறங்கினால் இவை யாவும் நடைமுறையில் அடங்கிவிடுகின்றன என்று தெரிய வந்தது. 3க்குக் கீழே இறக்கினால் தீவனம் மாட்டுக்கு ஆகாது. இடைப்பட்ட அந்தக் குறுகிய எல்லைக்குள் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு பயிருக்கும் அந்த எல்லைக்குத் தேவையான அமில அளவு வேறு.

ஐதரோகுளோரிக் அமிலமும் கந்தக அமிலமும் நீர்த்த நிலையில் கலந்து, புல்லை அடுக்கடுக்காக இட்டு மிதிக்கும்போது ஒவ்வோர் அடுக்கின் மேலும் தெளிக்கப்பட்டன. 1920களின் இறுதியில் இம்முறை பின்லாந்துப் பண்ணைகளுக்குச் சென்றது. 1932 இல் காப்புரிமை பெறப்பட்டது. சுகாண்டிநேவிய நாடுகளிலும் பின்னர் ஐரோப்பாவின் பிற பகுதிகளிலும் பரவியது.

வலிய அமிலம் தெளித்த புல்லை மாடு தின்பதா என்ற ஐயம் உழவர்களுக்கு எழுந்தது இயல்பே. விர்த்தனென் மாடுகளுக்கு இதனை நெடுநாள் கொடுத்துப் பார்த்தார். உடலில் அமிலம் மிகுந்துவிடாமல் இருக்கச் சுண்ணாம்புத் தூளும் சோடாவும் தீவனத்துடன் சேர்க்கப்பட்டன. மாடுகள் நலமாக இருந்தன. குளிர்காலத்திலும் பால் குறையவில்லை. பசுமை கெடாததால் புல்லிலுள்ள கரோட்டினும் பெருமளவு எஞ்சியது. அது பாலுக்குச் சென்று உயிர்ச்சத்து 'ஏ' ஆகப் பயன்பட்டது. வெளிறிப் போயிருந்த குளிர்காலத்து வெண்ணெய் கோடைக்கால வெண்ணெயைப் போல மஞ்சள் நிறம் பெற்றது. உழவர்களை நம்ப வைப்பதில் வேதியியல் அளவீடுகளைக் காட்டிலும் இந்த நிறத்துக்குப் பங்கு மிகுதியாக இருந்திருக்கும் என்று கருதலாம்.

1933 ஆம் ஆண்டில் எல்சிங்கிக்கு அருகே ஒரு பண்ணையை விர்த்தனென் தாமே வாங்கினார். தம் முடிவுகளை முதலில் தம் நிலத்திலும் தம் மாடுகளிடத்தும் ஆய்ந்து பார்ப்பதற்கு அது பயன்பட்டது.

இம்முறைக்குக் குறைகளும் இருந்தன. வலிய அமிலத்தைப் பண்ணையில் கையாள்வது இடர் மிக்கது. தோலையும் துணியையும் கருவிகளையும் அது அரித்தது. சிமெண்டுச் சுவரையும் விட்டுவைக்கவில்லை. எனவே பிற்காலத்தில் கனிம அமிலங்களுக்கு மாற்றாக ஃபார்மிக் அமிலம் வந்தது. எறும்புக் கடியில் உள்ள இவ்வமிலம் பி.எச். அளவைக் குறைப்பதோடு கேடு செய்யும் பாக்டீரியாக்களை நேரடியாகவும் ஒடுக்குகிறது. மாட்டின் உடலில் சிதைந்தும் விடுகிறது. ஏ.ஐ.வி. என்ற பெயர் இந்தப் புதிய கரைசல்களுக்கும் தொடர்ந்தது.

நல்ல பாக்டீரியாவுக்கு விர்த்தனென் முறை உதவியதா, பகையா என்ற கேள்வி எழலாம். உண்மையில் பி.எச். 4க்குக் கீழே தொடக்கத்திலேயே இறக்கினால் இலாக்டிக் பாக்டீரியாவின் வேலையும் சுருங்குகிறது. அவை செய்ய வேண்டிய வேலையை அமிலப் புட்டி செய்துவிடுகிறது. இதற்கு நேர்மாறான வழி, இலாக்டிக் பாக்டீரியாவை வளர்த்து எடுத்துப் புல்லின் மேல் தெளிப்பது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் சர்க்கரை ஆலையின் பீட்டுச் சக்கைக்கு இதனைச் செய்து பார்த்தனர். அக்காலத்தில் வளர்ப்புகளை உயிரோடு பண்ணை வரை கொண்டு சேர்ப்பது கடினமாக இருந்தது. உறைய வைத்து உலர்த்தும் நுட்பம் வளர்ந்த பின்னரே இம்முறை பரவலாயிற்று. இலாக்டோபேசில்லசு பிளாண்டாரம் (2020 ஆம் ஆண்டின் வகைப்பாட்டு மாற்றத்துக்குப் பின் இலாக்டிபிளாண்டிபேசில்லசு பிளாண்டாரம்) விரைவில் புளிப்பேற்றுவதற்குப் பயன்படுகிறது. குழியைத் திறந்த பின் காற்றுப்பட்டுத் தீவனம் சூடாகிக் கெடுவதைத் தடுக்க, இலாக்டிக் அமிலத்தின் ஒரு பகுதியை அசிட்டிக் அமிலமாக்கும் புக்னெரி இனம் சேர்க்கப்படுகிறது. எந்தப் பாக்டீரியாவைச் சேர்த்தாலும், எவ்வளவு விரைவில் பி.எச். 4ஐ அடைவது என்பதே இத்துறையினர் இன்றும் பார்க்கும் முதல் அளவு. விர்த்தனென் அளந்து சொன்ன எல்லையை ஒட்டியதே அது.

நைட்ரசன் ஆய்வுகள்

தீவனத்திலுள்ள புரதத்தைக் காப்பது ஒரு பாதி என்றால், அந்தப் புரதத்துக்கான நைட்ரசனை விலையின்றிப் பெறுவது மறுபாதி. அவரைக் குடும்பப் பயிர்களின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரசனைப் பயிருக்குத் தருகிறது. 1920களின் நடுப்பகுதியிலிருந்தே விர்த்தனென் இதனை ஆய்ந்து வந்தார்.

உளுந்து, நிலக்கடலை, கொளுஞ்சி ஆகியவற்றின் வேர்முடிச்சை நகத்தால் பிளந்து பார்த்தவர்கள் உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தைக் கண்டிருப்பர். அது நம் குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒத்த ஒரு நிறமி என்று சப்பானியரான கூபோ 1939 இல் காட்டினார். லெகீமோகுளோபின் எனப்படும் இந்நிறமிக்கும் நைட்ரசன் நிலைப்படுத்தலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதை விர்த்தனெனும் அவருடைய குழுவினரும் 1940களில் விளக்கினர். சிவப்பு முடிச்சே வேலை செய்யும் முடிச்சு.

இத்துறையில் அவர் கூறிய அனைத்தும் நிலைக்கவில்லை. நிலைப்படுத்தப்படும் நைட்ரசன் ஐதராக்சிலமீன் வழியாக அமினோ அமிலமாகிறது என்று அவர் கருதினார். அம்மோனியாவே முதல் விளைபொருள் என்பது பின்னர் உறுதியாயிற்று. வேர்முடிச்சுகளிலிருந்து அமினோ அமிலங்கள் பெருமளவில் மண்ணுக்குள் கசிந்து அருகிலுள்ள புல்லுக்கும் பயன்படுகின்றன என்றும் அவர் கண்டதாக வெளியிட்டார். அமெரிக்காவின் விசுகான்சின் ஆய்வாளர்கள் உள்ளிட்ட பிறரால் அதே அளவில் அதனை மீண்டும் காட்ட இயலவில்லை. இவ்விவாதம் பல ஆண்டுகள் நடந்தது.

நோபல் பரிசும் பிற்காலமும்

உயிர்வேதியியல் ஆய்வு நிறுவனம் எல்சிங்கியில் தனி நிறுவனமாக அமைந்தபோது விர்த்தனென் அதன் இயக்குநரானார்; இறக்கும் வரை அப்பொறுப்பில் இருந்தார். 1931 இல் எல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும், 1939 இல் எல்சிங்கிப் பல்கலைக்கழகத்திலும் உயிர்வேதியியல் பேராசிரியரானார். 1945 ஆம் ஆண்டில் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது பின்லாந்து போரில் தோற்று, நிலம் இழந்து, இழப்பீடு செலுத்திக்கொண்டிருந்தது. அறிவியலில் அந்நாட்டுக்குக் கிடைத்த முதல் நோபல் பரிசு இதுவேயாகும். 1948 இல் பின்லாந்து அறிவியல் கழகத்தின் தலைவராகி, 1963 வரை அப்பதவியில் இருந்தார்.

பரிசுக்குப் பின்னரும் ஆய்வைக் கைவிடவில்லை. வெங்காயத்தை நறுக்கும்போது கண்ணீர் வரக் காரணமான பொருளின் மூலப்பொருளை அவருடைய ஆய்வுக்கூடம் கண்டறிந்தது. முட்டைக்கோசுக் குடும்பத் தாவரங்களிலுள்ள, கழுத்துக்கழலை நோயைத் தூண்டும் பொருள்கள் பால் வழியாக மனிதருக்கு வருமா என்றும் ஆராய்ந்தார்.

இவற்றினும் துணிவான ஆய்வு 1960களில் நடந்தது. கறவை மாடுகளுக்குப் புரதமே இல்லாத தீவனத்தைக் கொடுத்தார். மாவுப்பொருள், செல்லுலோசு, சர்க்கரை போன்ற தூய்மையாக்கப்பட்ட பொருள்களும், நைட்ரசனுக்காக யூரியாவும் அம்மோனியம் உப்புகளுமே அதில் இருந்தன. மாட்டின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிரிகள் இந்த நைட்ரசனைக் கொண்டு தம் உடற்புரதத்தை ஆக்குகின்றன. மாடு அந்நுண்ணுயிரிகளைச் செரித்துப் புரதம் பெறுகிறது. அந்த மாடுகள் கன்று ஈன்றன, பாலும் கறந்தன. சிறந்தவை ஆண்டுக்கு 4000 கிலோவுக்கு மேல் கறந்தன. 1966 இல் இம்முடிவுகள் வெளியாயின. மனிதர் உண்ணக்கூடிய தானியத்துக்கும் பயறுக்கும் மாடு போட்டியிட வேண்டியதில்லை என்பது இதன் உட்பொருள். உணவு மிகுதியாகக் கிடைப்பது தற்காலிகமே, உலகில் மக்கள்தொகை பெருகப் புரதப் பற்றாக்குறை வரும் என்ற எண்ணம் அவருக்கு உறுதியாக இருந்தது. ஐரோப்பாவில் வெண்ணெய் தேங்கிக் கிடந்த காலத்திலும் இந்த எண்ணத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

எளிய வாழ்க்கையை விரும்பியவர். சொந்தமாக மகிழுந்து வைத்துக்கொள்ளவில்லை. புகையும் மதுவும் இல்லை. போருக்குப் பிந்தைய பின்லாந்தின் அரசியல் சோவியத் ஒன்றியத்தைப் பெரிதும் சார்ந்திருப்பதாகக் கருதி, அதனோடு ஒட்டாமலே இருந்தார். மனைவி லில்யா 1972 இல் காலமானார். அடுத்த ஆண்டு கீழே விழுந்ததில் விர்த்தனெனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. சில வாரங்களில் நுரையீரல் அழற்சியால் நவம்பர் 11, 1973 அன்று காலமானார். எல்சிங்கியின் இயெத்தானியெமி இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

தமிழ்நாட்டில் ஊறுகாய்ப்புல்

தமிழ்நாட்டில் பனிக்காலச் சிக்கல் இல்லை. கோடைக்காலச் சிக்கல் உண்டு. சேர்வராயன் மலையை எடுத்துக்கொண்டால் ஏற்காடு, நாகலூர் முதலிய ஊர்களில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. மழை மாதங்களில் காப்பித் தோட்டங்களின் ஓரங்களிலும் சரிவுகளிலும் புல் ஆளுயரம் நிற்கும். மூடுபனியில் அதனை உலர்த்த வழியில்லை. சனவரிக்குப் பின் உலர்த்தத்தக்க வெயில் வரும்போது புல் இருக்காது. பின்லாந்து உழவரின் இக்கட்டு ஏறத்தாழ இதுவேதான். மலைக்குக் கீழே தலைவாசல், ஆத்தூர் பக்கம் மக்காச்சோளமும் சோளமும் பயிராகின்றன. இவை சர்க்கரை மிகுந்தவை ஆதலால் அமிலம் ஏதும் ஊற்ற வேண்டியதில்லை. இங்கு இலாக்டிக் பாக்டீரியாவே முழு வேலையையும் செய்துவிடும்.

மக்காச்சோளத்தைக் கதிர் பால் பிடித்து முற்றத் தொடங்கும் பருவத்தில் அறுத்து, இரண்டு மூன்று செ.மீ. அளவில் நறுக்கி, குழியிலோ பெரிய நெகிழிப் பையிலோ பீப்பாயிலோ இட்டு, காற்றுப் போக மிதித்து மூடினால் 30 முதல் 45 நாட்களில் தயாராகிவிடும். ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காடு வரை இருப்பது நலம். கையில் இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நின்று, நீர் வடியாமல் இருக்க வேண்டும் என்பது உழவர்கள் பார்க்கும் எளிய சோதனை. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லில் நீர் மிகுதி, சர்க்கரை குறைவு. எனவே சிறிது வாட வைத்து, 2 விழுக்காடு அளவில் சர்க்கரை ஆலைப் பாகு அல்லது வெல்லக் கரைசல் தெளிப்பது வழக்கம். பாகு மாட்டுக்கு மட்டுமன்று, பாக்டீரியாவுக்கும் உணவு. நல்ல ஊறுகாய்ப்புல் மஞ்சள் கலந்த பச்சையாக, பழப்புளிப்பு மணத்துடன் இருக்கும். கருத்தோ பூசணம் பூத்தோ முடைநாற்றம் வீசியோ இருந்தால் மாட்டுக்குக் கொடுக்கலாகாது.

வைக்கோலை யூரியாவால் பதப்படுத்துவதை இதனோடு குழப்பிக்கொள்வது உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து மூன்று வாரம் மூடி வைக்கும் அம்முறையில் வேலை செய்வது புளிப்பன்று, யூரியாவிலிருந்து வெளிப்படும் அம்மோனியாவின் காரத்தன்மை. மாட்டின் வயிற்று நுண்ணுயிரிகள் அந்த நைட்ரசனைப் புரதமாக்குகின்றன என்ற அளவில் அது விர்த்தனெனின் பிற்கால ஆய்வோடு தொடர்புடையது. யூரியா அளவு மீறினால் மாட்டுக்கு நஞ்சாகும்.

நினைவு

1938 இல் பின்லாந்து வானியலாளர் இர்யோ வைசாலா கண்டறிந்த 1449 ஆம் எண் சிறுகோளுக்கும், நிலவின் மறுபக்கத்திலுள்ள ஒரு பெருங்குழிக்கும் விர்த்தனெனின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.